தமிழ் எழுத்துகளில் சீசர் மறையீடு

சீசர் மறையீடு என்பது ஒரு செய்தியில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, எழுத்து வரிசையில் அதிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கை இடங்கள் தள்ளியுள்ள எழுத்தை எழுதிச் செய்தியை மறைக்கும் முறையாகும். உரோமானியத் தளபதி யூலியசு சீசர் இதனைப் பயன்படுத்தியதால் இப்பெயர் பெற்றது. மறையீட்டியல் பாடத்தில் தொடக்கத்தில் கற்பிக்கப்படும் முறைகளுள் இது ஒன்று. நிரலாக்கம் கற்கத் தொடங்குவோருக்குப் பயிற்சியாகவும் தரப்படுகிறது. தாளும் எழுதுகோலும் கொண்டே இதனை உடைத்துவிடலாம் என்பதால் இன்று உண்மையான பாதுகாப்புக்கு இது உதவாது.

பாடநூல்கள் இம்முறையை ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை முன்வைத்தே விளக்குகின்றன. அவற்றில் உள்ள நிரலைத் தமிழ்ச் செய்திக்கு அப்படியே பயன்படுத்தினால், பிழைச்செய்தி எதுவும் தோன்றாமலேயே செய்தி மறைக்கப்படாமல் வெளியே சென்றுவிடலாம். அல்லது மீட்க முடியாதபடி சிதைந்துவிடலாம். இது ஏன் நிகழ்கிறது, தமிழுக்கு நிரலை எவ்வாறு எழுதுவது, அவ்வாறு எழுதிய மறையீடும் ஏன் பாதுகாப்பானதன்று என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள எட்டயபுரத்தின் பெயர் எடுத்துக்காட்டுச் சொல்லாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. உயிர், மெய், உயிர்மெய் ஆகிய மூவகை எழுத்துகளும் இரட்டித்த மெய்யும் இச்சொல்லில் வருகின்றன.

கலைச்சொற்கள்

* மூலவுரை: மறைக்கப்படாத, எவரும் படிக்கக்கூடிய செய்தி.
* மறையுரை: மறைக்கப்பட்ட பின் கிடைக்கும் செய்தி.
* மறையாக்கம்: மூலவுரையை மறையுரையாக மாற்றுதல்.
* மறைநீக்கம்: மறையுரையிலிருந்து மூலவுரையை மீட்டல்.
* சாவி: அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் அறிந்திருக்க வேண்டிய மதிப்பு. சீசர் மறையீட்டில் எத்தனை இடங்கள் தள்ள வேண்டும் என்னும் எண்ணே சாவியாகும்.
* குறிமுறை: செய்தியை வேறு வடிவில் எழுதுவதற்கான, எல்லோருக்கும் தெரிந்த விதி. இதற்குச் சாவி இல்லை. ஒருங்குறி ஒரு குறிமுறையாகும்.
* குறியெண்: ஒருங்குறியில் ஓர் எழுத்துக்கு அல்லது எழுத்தின் பகுதிக்கு வழங்கப்பட்டுள்ள எண்.

வரலாறு

சீசர் (கி.மு. 100–44) தமது தனிக் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதற்கு மூன்று இடம் தள்ளியுள்ள எழுத்தை எழுதினார் என்று உரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியசு குறிப்பிடுகிறார். அதாவது 'ஏ' என்பதற்கு 'டி' என்று எழுதப்பட்டது. சீசருக்குப் பின் வந்த அகசுட்டசு ஓர் இடம் மட்டுமே தள்ளி எழுதினார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் அராபிய அறிஞர் அல்-கிந்தி, மறையுரையில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதனை மொழியின் இயல்பான எழுத்து வரவோடு ஒப்பிட்டு மறையீட்டை உடைக்கும் வழியை எழுதினார். இது நிகழ்வெண் பகுப்பாய்வு எனப்படுகிறது. இதன் பிறகு ஓர் எழுத்துக்கு எப்போதும் ஒரே எழுத்தைப் பதிலாக எழுதும் முறைகள் அனைத்தும் வலுவிழந்தன.

எனினும் இம்முறையை நம்பியவர்கள் அண்மைக் காலத்திலும் இருந்தனர். சிசிலியின் மாஃபியா குழுத் தலைவர் பெர்னார்டோ புரோவென்சானோ தமது துண்டுக் கடிதங்களில் பெயர்களை எண்களாக எழுதிவந்தார். ஒவ்வோர் எழுத்தின் வரிசை எண்ணுடன் 3 கூட்டப்பட்டிருந்தது. அவர் 2006 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். அக்கடிதங்களில் இருந்த பெயர்களைக் காவல்துறையினர் படித்தறிந்தனர்.

செயல்படும் முறை

எழுத்துகளுக்கு 0 முதல் வரிசை எண் தரப்படுகிறது. ஆங்கிலத்தில் 'ஏ' 0, 'பி' 1 எனத் தொடங்கிக் கடைசி எழுத்து 25 ஆகும். பின்னர்,

மறையெழுத்தின் எண் = (மூல எழுத்தின் எண் + சாவி) ஐ 26 ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி

மூல எழுத்தின் எண் = (மறையெழுத்தின் எண் − சாவி) ஐ 26 ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி

மீதி எடுப்பதன் நோக்கம், வரிசையின் முடிவைத் தாண்டும் எழுத்தை மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டுவருவதாகும். கடிகாரத்தில் 11 மணிக்கு மூன்று மணி நேரம் கழித்து 2 மணி ஆவதைப் போன்றது இது. சாவி 0 ஆக இருந்தால் செய்தி மாறாது; ஆகவே பயனுள்ள சாவிகள் 25 மட்டுமே.

இங்கு இரண்டு அடிப்படைகள் சொல்லாமலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன. ஒன்று, ஓர் எழுத்துக்கு ஓர் எண் உண்டு. மற்றொன்று, அந்த எண்கள் இடைவெளியின்றித் தொடர்ச்சியாக உள்ளன. ஆங்கிலத்துக்கு இவ்விரண்டும் கணினியிலும் பொருந்தும். ஆஸ்கி குறிமுறையில் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 97 முதல் 122 வரை தொடர்ச்சியாக அமைந்துள்ளன. தமிழுக்கு இவ்விரண்டுமே பொருந்துவதில்லை.

குறிமுறையும் மறையீடும்

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இரண்டு கருத்துகள் குறிமுறையும் மறையீடும் ஆகும். இவற்றின் வேறுபாட்டை விளக்க எட்டயபுரத்தோடு தொடர்புடைய ஒரு நூல் உதவும்.

எட்டயபுரம் அரசவையைச் சேர்ந்த சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டு அவ்வூரிலேயே அச்சிட்டு வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் தெலுங்கு நூல், இராகங்களை 72 மேளங்களின் கீழ் வரிசைப்படுத்துகிறது. மேளங்களின் பெயர்கள் கடபயாதி என்னும் முறைப்படி அமைந்தவை. இம்முறையில் வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ககரம், டகரம், பகரம், யகரம் ஆகிய நான்கும் 1 ஆகும். அவற்றைத் தொடரும் எழுத்துகள் 2, 3 என வளரும். மேளப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளின் இலக்கங்களைத் தலைகீழாக எழுதினால் மேள எண் கிடைக்கும். மாயாமாளவகௌளை என்பதில் மா 5, யா 1, தலைகீழாக்கினால் 15. அது பதினைந்தாம் மேளம் ஆகும்.

கடபயாதி தெரியாத ஒருவருக்கு மாயாமாளவகௌளை என்னும் பெயரில் ஓர் எண் ஒளிந்திருப்பது தெரியாது. எனினும் இது மறையீடு அன்று. விதி எல்லோருக்கும் பொதுவானது, சாவி இல்லை, நோக்கம் மறைப்பதன்று, நினைவில் வைப்பதாகும். விதியை அறிந்த எவரும் எண்ணைப் படித்துவிடலாம். எனவே இது ஒரு குறிமுறையாகும்.

தமிழ் இலக்கணத்தில் கூறப்படும் குழூஉக்குறி வேறொரு வகை. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும் வழங்கியதை இலக்கண உரைகள் குறிப்பிடுகின்றன. இது பிறர் அறியாமல் பேசுவதற்கானது. ஆனால் இங்கு எழுத்து மாற்றப்படவில்லை. முழுச்சொல்லுக்கு வேறொரு சொல் வைக்கப்படுகிறது. குழுவைச் சேர்ந்த ஒருவர் வெளியில் சொல்லிவிட்டால் அச்சொல்லின் மறைவு அழிந்துவிடும். புதிய சொல்லைத்தான் உருவாக்க வேண்டும். மறையீட்டில் முறை வெளியானாலும் சாவியை மாற்றிக்கொள்ளலாம்.

கடபயாதியிலிருந்து மற்றொரு பாடமும் கிடைக்கிறது. வடமொழியின் நான்கு ககரங்களுக்கும் தமிழில் ஒரே எழுத்தே உள்ளது. கரகரப்பிரியா இருபத்திரண்டாம் மேளம்; அதன் முதல் எழுத்து வடமொழியில் இரண்டாம் ககரம், ஆகவே இலக்கம் 2; ரகரமும் 2. தமிழில் எழுதிய பெயரைக் கொண்டு நிரல் எழுதி, க என்பதற்கு 1 என்று கொடுத்தால் விடை 21 என்று வரும். அது கீரவாணியின் எண். நிரலில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. உள்ளீடாகக் கொடுத்த எழுத்து வடிவத்திலேயே தேவையான செய்தி தொலைந்துவிட்டது. எழுத்துகளைக் கையாளும் நிரலை எழுதும் முன், 'இந்நிரலுக்கு எழுத்து என்பது எது?' என்று வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள்.

பாடத்திட்டங்களில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி கணினி அறிவியல் மாணவர்களுக்கு அமைந்த பாதுகாப்பு ஆய்வகப் பாடத்தில், சீசர், பிளேஃபேர், ஹில், விஜினியர் ஆகிய மறையீடுகளுக்கு நிரல் எழுதுவது பயிற்சியாக இடம்பெற்றது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் 2018இல் அறிமுகமான பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சி++ மொழியோடு இணையப் பாதுகாப்பு பற்றிய பாடத்தையும் கொண்டிருந்தது. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தான் மொழியைக் கற்பித்தது.

இவ்வாறு தமிழ்வழியில் படித்து வரும் மாணவர் ஒருவர், ஆய்வகத்தில் எழுதிய நிரலில் இயல்பாகவே தமது பெயரையோ ஊர்ப்பெயரையோ தமிழில் தட்டச்சு செய்து பார்ப்பார். அப்போது என்ன நிகழும் என்பது பாடநூலில் இல்லை.

ஆங்கில நிரலில் தமிழ்ச் செய்தி

எட்டயபுரம் என்பது மனிதர் எண்ணும்போது எ, ட், ட, ய, பு, ர, ம் என 7 எழுத்துகள். ஒருங்குறியில் அது எ, ட, புள்ளி, ட, ய, ப, உகரக் குறி, ர, ம, புள்ளி என 10 குறியெண்கள். யூடிஎஃப்-8 வடிவில் சேமித்தால் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட்டு வீதம் 30 பைட்டுகள். சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 10 என்றும், பைட்டுகளை எண்ணும் சி மொழி நிரல் 30 என்றும் விடை தரும்.

ஆங்கிலத்துக்காக எழுதிய நிரல் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைப் பொறுத்து மூன்று வகையான தவறுகள் நிகழலாம்.

1. மறைக்காமல் விடுதல். பல நிரல்கள், குறியெண் 97க்கும் 122க்கும் இடையில் இருந்தால் மட்டும் மாற்று, இல்லையேல் அப்படியே விடு என்று எழுதப்பட்டிருக்கும். நிறுத்தக்குறிகளையும் இடைவெளிகளையும் காப்பதற்காக வைத்த நிபந்தனை இது. தமிழ் எழுத்து எதுவும் இந்த எல்லைக்குள் இல்லை. ஆகவே எட்டயபுரம் என்று கொடுத்தால் எட்டயபுரம் என்றே வெளிவரும். ஆங்கிலமும் தமிழும் கலந்த செய்தியில் ஆங்கிலப் பகுதி மட்டும் மாறியிருக்கும். மேலோட்டமாகச் சோதிப்பவர் நிரல் சரியாக இயங்குகிறது என்றே எண்ணுவார். பாதுகாப்பு நோக்கில் மூன்றிலும் இதுவே மிகக் கேடானது. செய்தி மறைக்கப்பட்டது என்று அனுப்புபவர் நம்புகிறார். அது மறைக்கப்படவே இல்லை.

2. மீட்க முடியாமல் சிதைத்தல். நிபந்தனை இல்லாமல், குறியெண்ணிலிருந்து 97ஐக் கழித்து, சாவியைக் கூட்டி, 26 ஆல் வகுத்த மீதியுடன் 97ஐக் கூட்டும் நிரல்கள் உள்ளன. இவற்றில் எல்லாத் தமிழ்க் குறியெண்களும் 26 ஆங்கில எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். க என்பதன் குறியெண் 2965. ய என்பதன் குறியெண் 2991. வேறுபாடு சரியாக 26. ஆகவே இரண்டுக்கும் ஒரே மறையெழுத்து கிடைக்கும். நகம், நயம் ஆகிய இரண்டு சொற்களும் ஒரே மறையுரையைத் தரும். சரியான சாவி இருந்தாலும் மூலவுரையை மீட்க முடியாது.

3. இல்லாத எழுத்துகளுக்குத் தள்ளுதல். மீதி எடுக்காமல் குறியெண்ணுடன் சாவியை மட்டும் கூட்டினால், 3 என்னும் சாவிக்கு எட்டயபுரம் பின்வருமாறு மாறும்:

எ (2958) → 2961, ஒதுக்கப்படாத இடம்
ட (2975) → 2978, ஒதுக்கப்படாத இடம்
புள்ளி (3021) → 3024, ஓம் குறி
ட (2975) → 2978, ஒதுக்கப்படாத இடம்
ய (2991) → 2994, ல
ப (2986) → 2989, ஒதுக்கப்படாத இடம்
உகரக் குறி (3009) → 3012, ஒதுக்கப்படாத இடம்
ர (2992) → 2995, ள
ம (2990) → 2993, ற
புள்ளி (3021) → 3024, ஓம் குறி

பத்தில் ஐந்து இடங்களில் எழுத்தே இல்லை. திரையில் கட்டங்கள் தோன்றும். புள்ளி வைத்த இடமெல்லாம் ஓம் குறியாகிறது. 3ஐக் கழித்தால் மூலவுரை மீளும் என்பதால் கணக்கு நோக்கில் இது பிழையன்று. ஆயினும் இந்த மறையுரையைத் தாளில் எழுதவோ படித்துச் சொல்லவோ முடியாது.

இந்த வெற்றிடங்களுக்குக் காரணம் உண்டு. ஒருங்குறியின் இந்திய எழுத்துப் பகுதிகள் இஸ்கி என்னும் இந்தியத் தரத்தைப் பின்பற்றி, ஒவ்வொரு மொழிக்கும் 128 இடங்களாக, ஒரே அமைப்பில் வரிசைப்படுத்தப்பட்டன. பிற இந்திய எழுத்துமுறைகளில் உள்ள, தமிழில் இல்லாத எழுத்துகளின் இடங்கள் தமிழ்ப் பகுதியில் காலியாக உள்ளன. க என்பதற்கும் ங என்பதற்கும் இடையில் மூன்று காலியிடங்கள் இருப்பது இதனாலேயே. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்16 என்னும் குறிமுறையையும் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியுடன் தரமாக அறிவித்தது. எனினும் இணையத்தில் பரவலாக உள்ளது ஒருங்குறியே.

தமிழுக்கான வழிமுறை

முதலில் எழுத்து வரிசையை வரையறுக்க வேண்டும். இங்கு உயிரெழுத்துகள் 12க்கு 0 முதல் 11 வரையும், மெய்யெழுத்துகள் 18க்கு மரபு வரிசையில் (க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன) 0 முதல் 17 வரையும் எண்கள் தரப்படுகின்றன. நிரலின் படிகள்:

1. உள்ளீட்டைச் சீராக்குக. கொ என்பதில் வரும் ஒகரக் குறியை 3018 என்னும் ஒரே குறியெண்ணாகவோ, எகரக் குறி (3014), ஆகாரக் குறி (3006) என இரண்டாகவோ எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒருங்குறி இயல்பாக்கம் செய்து ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.
2. சொல்லை எழுத்துகளாகப் பிரிக்க. ஒரு மெய்யின் குறியெண்ணைப் புள்ளியோ உயிர்க்குறியோ தொடர்ந்தால் இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து. எதுவும் தொடராவிட்டால் அது அகரம் ஏறிய உயிர்மெய்.
3. உயிர்மெய்யையும் மெய்யையும் சந்திக்கும்போது மெய்யின் எண்ணுடன் சாவியைக் கூட்டி 18 ஆல் வகுத்த மீதியை எடுக்க. ஏறியுள்ள உயிரையும் புள்ளியையும் மாற்ற வேண்டாம்.
4. தனி உயிரைச் சந்திக்கும்போது அதன் எண்ணுடன் சாவியைக் கூட்டி 12 ஆல் வகுத்த மீதியை எடுக்க.
5. புதிய எழுத்துகளைச் சேர்த்து எழுதுக.

சாவி 3 எனில் எட்டயபுரம் பின்வருமாறு மாறும்: எ→ஒ, ட்→ந், ட→ந, ய→வ, பு→ரு, ர→ழ, ம்→ல். மறையுரை: ஒந்நவருழல். ஏழு எழுத்துகள் ஏழு எழுத்துகளாகவே உள்ளன. எழுதவும் ஒலிக்கவும் முடிகிறது.

மற்றொரு வழி, 247 எழுத்துகளையும் ஒரே வரிசையாகக் கொள்வது. உயிர் 0–11, ஆய்தம் 12, மெய் 13–30, உயிர்மெய் 31–246 என எண்ணிட்டு, 247 ஆல் வகுத்த மீதியை எடுத்தால், அதே சாவி 3க்கு ஒந்டீயீபேரீல் என்பது கிடைக்கும். முதல் முறையில் மெய்களுக்கு 17 சாவிகளே பயன்படும். இதில் 246 சாவிகள் உண்டு.

தொடக்க நிலை மாணவர்கள் கவனிக்க வேண்டியவை:

* மறைநீக்கத்தில் கழிக்கும்போது எதிர்ம எண் வரலாம். −1ஐ 18 ஆல் வகுத்த மீதி பைத்தானில் 17. சி மொழியில் −1. சி மொழியில் எழுதுவோர் முதலில் 18ஐக் கூட்டிய பின் மீதி எடுக்க வேண்டும். சாவி 18ஐ விடச் சிறியதாக இருக்கும்போது இது போதுமானது.
* ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளை வரிசையில் சேர்ப்பதா, விடுவதா என முன்பே முடிவு செய்ய வேண்டும்.
* எண்களை அப்படியே விட்டால், கடவு எண் ஒன்றைக் கொண்ட செய்தியில் மறைக்க வேண்டிய பகுதியே மறையாமல் போகும்.
* மறையாக்கம் செய்ததை மறைநீக்கம் செய்தால் மூலவுரையே மீள்கிறதா என எல்லாச் சாவிகளுக்கும் சோதிக்க வேண்டும். மேலே கூறிய இரண்டாம் வகைத் தவறு இச்சோதனையில் வெளிப்பட்டுவிடும். முதல் வகைத் தவறு வெளிப்படாது. அதற்கு மூலவுரையும் மறையுரையும் வேறுபடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில், தமிழ்ச் சொற்களையே கட்டளைச் சொற்களாகக் கொண்ட நிரல்மொழி ஆகும். தமிழ்ச் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல் தொகுப்பு பைத்தான் மொழியில் கிடைக்கிறது. எனினும் இரண்டாம் படியை ஒருமுறையேனும் தாமே எழுதிப் பார்ப்பது மாணவருக்கு நல்ல பயிற்சியாகும்.

மறையீட்டை உடைத்தல்

மூம்முஞ்ஞுநி என்னும் மறையுரை முதல் முறைப்படி எழுதப்பட்டது என்று மட்டும் ஒருவருக்குத் தெரியும், சாவி தெரியாது. அவர் சாவிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம்:

சாவி 1: பூப்புச்சுதி
சாவி 2: நூந்நுங்ஙுணி
சாவி 3: தூத்துக்குடி
சாவி 4: ணூண்ணுன்னுஞி

மூன்றாவது முயற்சியிலேயே ஊர்ப்பெயர் வெளிப்பட்டுவிட்டது. 17 சாவிகளையும் முயல ஒரு மாணவருக்குச் சில நிமிடங்கள் போதும். 247 எழுத்து முறையின் 246 சாவிகளைக் கணினி நொடிப்பொழுதில் முயன்றுவிடும்.

எல்லாச் சாவிகளையும் முயலாமலும் உடைக்கலாம். தமிழ் இலக்கணம் இதற்கு உதவுகிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆகவே சாவி 4 தந்த விடையை, பொருளைப் பார்க்காமல் முதலெழுத்தைக் கொண்டே பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். இக்காலத் தமிழில் கலந்துள்ள பிறமொழிச் சொற்கள் இவ்விதிக்கு விலக்காக அமையும்.

இரட்டித்த மெய்களும் காட்டிக்கொடுக்கின்றன. எட்டயபுரத்தில் உள்ள ட்ட, மறையுரையில் ந்ந என மாறினாலும் இரட்டிப்பு மறையவில்லை. ர், ழ் ஆகியவை இரட்டிப்பதில்லை என்பதால், மறையுரையில் இரட்டித்து வரும் எழுத்து எவற்றின் மாற்றாக இருக்க முடியாது என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது, இன எழுத்துகள். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகள் தமிழில் மிகுதியாக வருகின்றன. மரபு வரிசையில் வல்லினத்தை அடுத்து அதன் இன மெல்லினம் நிற்கிறது. எனவே சாவி இரட்டைப்படை எண்ணாக இருந்தால் ஓர் இணை பெரும்பாலும் மற்றோர் இணையாகவே மாறும். சாவி 2க்குத் தங்கம் என்பது பஞ்சர் என்றாகிறது. பார்ப்பதற்கு இயல்பான சொல்லாகவே தோன்றும். சாவி ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் ங்க என்பது ச்ங போன்ற, தமிழில் வராத சேர்க்கையாக மாறும். நீண்ட மறையுரை ஒன்றில் இத்தகைய சேர்க்கைகள் மிகுந்திருந்தால் சாவி ஒற்றைப்படை என்று ஊகித்து, முயற்சியைப் பாதியாகக் குறைக்கலாம்.

வரிசையில் தள்ளாமல், 18 மெய்களையும் விருப்பம்போல் மாற்றி அமைத்தால் என்ன என்ற கேள்வி எழலாம். அப்போது சாவிகளின் எண்ணிக்கை 6,40,23,73,70,57,28,000 ஆகும். அதாவது ஏறத்தாழ 64 கோடி கோடி. ஒவ்வொன்றாக முயல்வது கடினம். ஆனால் முயலத் தேவையில்லை. ங, ஞ ஆகியவை அரிதாகவும் க, த போன்றவை மிகுதியாகவும் வருகின்றன. சில பத்திகள் நீளமுள்ள மறையுரை கிடைத்தால், அல்-கிந்தி காட்டிய வழியில் எண்ணியும், மேலே கூறிய இலக்கண விதிகளைக் கொண்டும் எழுத்துகளை ஒவ்வொன்றாக மீட்கலாம். சாவிகளின் எண்ணிக்கை மிகுந்திருப்பது தேவையானது. ஆனால் அது மட்டும் போதாது. மறையுரையில் மொழியின் சாயல் எஞ்சியிருக்கக்கூடாது.

இன்றைய வலையமைப்புப் பாதுகாப்பு

டச்சு மொழியியலாளர் அகுஸ்ட் கெர்க்காஃப்சு 1883இல், மறையீட்டு முறை எதிரியின் கையில் சிக்கினாலும் சாவி சிக்காதவரை செய்தி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்னும் கொள்கையை வெளியிட்டார். இன்றைய முறைகள் இதனைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க அரசு 1977இல் தரமாக ஏற்ற டெஸ் முறையின் சாவி 56 பிட்டு நீளமானது. 1998இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் பவுண்டேசன் உருவாக்கிய தனிக் கணினி ஒன்று, சாவிகளை ஒவ்வொன்றாக முயன்று ஏறத்தாழ 56 மணி நேரத்தில் சரியான சாவியைக் கண்டுபிடித்தது. 2001இல் தரமாக்கப்பட்ட ஏஇஎஸ் முறையின் சாவி குறைந்தது 128 பிட்டு. இதன் சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்டது. இம்முறைகள் எழுத்துகளை மாற்றுவதில்லை. பிட்டுகளின் தொகுதிகளையே கலக்குகின்றன. ஆகவே செய்தி தமிழா ஆங்கிலமா என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டன்று.

செய்தி செல்லும் வழி எப்போதும் நம் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, தூத்துக்குடியையும் கொழும்புக்கு அருகிலுள்ள கல்கிசையையும் இணைக்கும் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமான பாரத்-லங்கா கடலடிக் கம்பிவடம் 2006இல் அமைக்கப்பட்டது. இத்தகைய வடங்களிலும், கல்லூரி விடுதியின் கம்பியில்லா இணைப்பிலும் செல்லும் தரவை இடையில் ஒருவர் பார்க்க முடியும் என்றே பாதுகாப்பு வடிவமைப்பாளர்கள் கருதிக்கொள்கின்றனர். இணைய உலாவியில் பூட்டுக் குறியுடன் அமையும் பாதுகாப்பான இணைப்பு, ஒவ்வோர் இணைப்புக்கும் புதிய சாவியை உருவாக்கிக்கொள்கிறது. முன்பின் சந்திக்காத இருவர் பொது வழியிலேயே ஒரு சாவியை உருவாக்கும் முறையை டிஃபி, ஹெல்மன் ஆகியோர் 1976இல் வெளியிட்டனர்.

இதற்கு மாறாக, கடவுச்சொல்லை பேஸ்64 வடிவில் மாற்றிச் சேமித்துவிட்டு மறைத்துவிட்டதாக எண்ணுவது தொடக்க நிலை நிரலாளரிடம் காணப்படும் தவறாகும். பேஸ்64க்குச் சாவி இல்லை. கடபயாதியைப் போல அதுவும் ஒரு குறிமுறையே. கடவுச்சொல்லை மீட்க முடியாத வகையில், அதற்கென உருவாக்கப்பட்ட ஒருவழிச் சார்பின் வழியாகவே சேமிக்க வேண்டும்.

பயிற்சியின்போது கவனிக்க வேண்டியவை

* தாமே உருவாக்கிய மறையீட்டைப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். உண்மையான செய்திகளுக்குப் பலரால் ஆராயப்பட்ட நிரல் தொகுப்புகளையே பயன்படுத்த வேண்டும்.
* உடைக்கும் பயிற்சியைத் தமது கணினியிலும் தமது செய்திகளிலும் மட்டும் செய்ய வேண்டும். உரிமையாளரின் இசைவின்றிப் பிறரது கணினியிலோ வலையமைப்பிலோ நுழைவது, இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66இன்படி மூன்று ஆண்டு வரை சிறையோ ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும்.
* பாதுகாப்பு நிரல் எதையும் தமிழ் உள்ளீட்டுடனும் சோதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் சரியாக இயங்கும் நிரல் தமிழில் செய்தியை மறைக்காமல் விடக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* மறையீட்டியல்
* ஒருங்குறி
* கடபயாதி
* குழூஉக்குறி
* விஜினியர் மறையீடு
* எட்டயபுரம்